நில அணிலின் வால்

இறந்த விலங்குகளோடு வேலை செய்பவனுக்கு அதிர்ச்சி வாய்ப்பதில்லை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். எங்கள் மேசைக்கு வருபவை எல்லாம், நேரக்கூடியது நேர்ந்து முடிந்த பின்னரே வருகின்றன. தோலை உரித்து, பஞ்சை இட்டு, தைத்து, காயவைத்து, இழுப்பறையில் அடுக்கிவிட்டால் அவை நம்மையும் நமக்குப் பின் வருவோரையும் கடந்து அப்படியே கிடக்கும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் இந்த நம்பிக்கை தகர்ந்தது. அதைத் தகர்த்தது உள்ளங்கையைவிடச் சற்றே நீண்ட ஒரு விலங்கு.

ஆஸ்திரேலியாவின் மெல்பேணில் நான் பணியாற்றிய அருங்காட்சியகத்தின் நிலக்கீழ்த் தளத்தில் இப்போது தோல் உரிப்பது அருகிவிட்டது என்று கேள்வி. விலங்கை முழுதாக உறையவைத்து, இயந்திரத்தினுள் செலுத்தி, எலும்பும் தசையும் திரையில் தெரியப் படமெடுத்துக்கொள்கிறார்களாம். அங்கே புதிதாகச் சேர்ந்த இருவர் சென்ற மாதம் என்னை வந்து பார்த்து, என் காலத்தில் எது கடினமான வேலையாக இருந்தது என்று கேட்டார்கள். கரையொதுங்கிய திமிங்கிலத்தையோ நச்சுப்பாம்பையோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அணில் என்றேன். சிரித்தார்கள். அவர்களிடம் ஆங்கிலத்தில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே தமிழில் முறையாகச் சொல்ல முயல்கிறேன்.

பயிற்சிக் காலத்தை விரிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பண்டிதர் ஒருவரிடம் தமிழும் சிறிது வடமொழியும் கற்றேன். வேலை கிடைத்ததோ ஒரு பல்கலைக்கழக விலங்கியல் கூடத்தில், தவளைகளைப் புட்டியில் இடும் உதவியாளனாக. தோல் உரிக்க அங்கேதான் பழகினேன். எண்பதுகளில் நாட்டைவிட்டு வெளியேறி, மெல்பேணில் சில காலம் பிஸ்கற் தொழிற்சாலையில் நின்று, பிறகு அருங்காட்சியகத்தின் பாலூட்டிப் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

வெளியார் பலரும் எங்கள் வேலையைக் காட்சிக்கூடத்து விலங்குகளோடு குழப்பிக்கொள்வர். கண்ணாடிக் கண் பொருத்தி, மரக்கிளையில் ஏற்றி, உயிருள்ளதுபோல் நிறுத்துவது வேறு கலை. நாங்கள் செய்வது ஆய்வுத்தோல். அதற்குக் கண் கிடையாது. கண்குழியில் வெண்பஞ்சு தெரியும். கால்களை நீட்டி, வாலை நேராக்கி, குப்புறக் கிடக்கும். அழகுக்காக அதில் எதையும் கூட்டக் கூடாது.

வயிற்றின் நடுக்கோட்டில் ஒரு சிறு வெட்டு. அதனூடாக உடலை மெல்ல வெளியே தள்ளி, தோலைக் காலுறைபோல் புறந்திருப்பி உரிக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சச் சோளமா. அது உதிர்ந்த பின், பூச்சி அரிக்காதிருக்க, உட்புறமெங்கும் வெண்காரப் பொடி. பஞ்சைத் துண்டு துண்டாக அடைப்பது கற்றுக்குட்டியின் வேலை. ஒரே சுருளாக உருட்டி, இடுக்கியின் முனையில் பிடித்து, மூக்குவரை ஒரே மூச்சில் செலுத்த வேண்டும். நான்கு கால்களுக்கும் நான்கு கம்பிகள், வாலுக்கு ஒன்று.

அணிலில் வால்தான் சோதனை. அதன் தோல் மிக மெல்லியது. உயிருள்ள அணிலை வாலில் பற்றினாலே தோல் உறைபோல் கழன்று கையோடு வந்துவிடும். பருந்திடமிருந்து தப்ப இயற்கை அதற்குத் தந்த வசதி உரிப்பவனுக்குக் கேடாகிறது. வாலின் அடியை இரு விரல்நகங்களுக்கிடையே இறுக்கி, வாளை உறையிலிருந்து உருவுவதுபோல், எலும்பை ஒரே இழுப்பில் உருவ வேண்டும். எலும்பு இருந்த இடத்தில் பஞ்சு சுற்றிய கம்பி செல்லும். தயங்கினால் வால் அறும். காட்சிக்கூடத்துக் கலைஞன் அப்போது வேறொரு வாலை எடுத்துத் தைத்துவிடுவான், பார்ப்பவரும் மகிழ்வர். ஆய்வுத்தோல் செய்பவன் அறுந்த வாலை அறுந்தபடியே காலோடு சேர்த்துக் கட்டிவைப்பான். எங்கள் தொழிலில் இது எழுதப்படாத விதி. இதை மீறியவரை நான் நேரிற் கண்டதில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் வசுந்தரா. சென்னையில் பிறந்து வளர்ந்து, முனைவர் ஆய்வுக்காக இளவயதில் ஆஸ்திரேலியா வந்தவர். மேல்தளத்தில், பிறர் முன்னிலையில், நான் அவருக்கு 'சிவா'. நிலக்கீழ்த் தளத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கையில் 'சிவபாதம் சார்'. எனக்கு அவர் இரண்டு தளங்களிலும் டொக்டர்தான். விலங்கைத் தொடுமுன் மோதிரங்களைக் கழற்றி ஒரு பீங்கான் கோப்பையில் இடுவார். வேலை முடிந்து கை கழுவிய பின்னரே மீண்டும் அணிவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எவரேனும் எதையேனும் உறுதியாகச் சொன்னால் தலையைச் சற்றே சாய்த்து, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார். அந்தக் கேள்வியில் ஏளனம் இராது. விடைக்காக உண்மையாகவே காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் எங்களால் தாங்க முடியாது.

சேர்ந்த புதிதில், ஒரு வௌவாலைக் காட்டி அது குட்டி என்று நான் சொல்லிவிட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சின்னனாய்க் கிடக்கு, டொக்டர்."

"நானும் சின்னதாத்தான் இருக்கேன் சார். நான் குட்டியா?"

அவர் என் தோள்வரைகூட எட்டாதவர். அன்றுமுதல் நான் சிறகெலும்பின் மூட்டைப் பார்க்காமல் எந்த வௌவாலின் வயதையும் சொன்னதில்லை. 'ஆமா' என்பதற்குப் பதில் நான் சொல்லும் 'ஓம்' அவருக்கு ஒரு வேடிக்கை. "எதைக் கேட்டாலும் மந்திரம் சொல்றீங்களே" என்பார். "நீங்கள் எதைக் கேட்டாலும் ஆமையைக் கூப்பிடுறியள், டொக்டர்" என்பேன். எங்களுக்கிடையே இருந்த விளையாட்டு அவ்வளவே. மற்றபடி வேலைதான்.

அவருடைய பெயரை அத்துறையில் நிறுத்தியது ஓர் அணில். சுமாத்திராவுக்கு மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் ஒன்றிலிருந்து, தாவரங்கள் சேகரிக்கச் சென்ற ஒருவர் தற்செயலாகக் கொண்டுவந்த ஒரே ஒரு தோல். மரமேறாமல் காட்டுத்தரையில், விழுந்த மரங்களின் அடியில் ஓடித்திரியும் நில அணில் வகை. மண்நிற முதுகில் மூன்று கருங்கோடுகள், வெண்வயிறு. மண்டையோடு பொறியில் நொறுங்கிப் போனதால் தோல் மட்டுமே எஞ்சியது. அக்கம்பக்கத்துத் தீவுகளிலும் கருங்கோட்டு நில அணில்கள் உண்டு; அவற்றின் வால் மங்கலாயும் மெலிந்தும் இருக்கும். இதன் வாலோ செறிந்து, அடியில் வெண்மயிர் வரிசையும் நுனியில் செம்பிழம்பு போன்ற நிறமும் கொண்டது. மாணவியாக இருந்த வசுந்தரா அந்த வாலைக் கொண்டே இது தனியினம் என்று நிறுவிப் பெயரிட்டார். ஓர் இனத்துக்குப் பெயரிட ஆதாரமான தோலை மூலமாதிரி என்போம். அதன் காலில் சிவப்புச் சீட்டுக் கட்டி, தனிப் பேழையில் பூட்டி வைப்போம். அந்தப் பெயர் உலகில் எங்கு எழுதப்பட்டாலும் அதற்குப் பொருள் அந்தப் பேழையில் கிடக்கும் தோலே.

பின்னர் ஒருவரும் அந்த அணிலை மீண்டும் காணவில்லை. வசுந்தராவே இளவயதில் ஒருமுறை அத்தீவுக்குப் போய், மழையில் நனைந்து, காய்ச்சலோடு வெறுங்கையாகத் திரும்பியவர். ஆயினும் அந்த அணிலை முன்னிறுத்தி அவர் விடாது எழுதிய அறிக்கைகளால் அத்தீவின் காட்டை வெட்டுவதற்கு இடைக்காலத் தடை விழுந்தது. அதை நிரந்தரக் காப்புக்காடாக ஒதுக்குவதற்கான முடிவு வரவேண்டியிருந்தது. வேறெங்கும் இல்லாத ஓர் உயிர் அங்கே உண்டு என்பதுதான் அந்தக் காட்டுக்கு இருந்த ஒரே காப்பு. பெயர் நின்றால் காடு நிற்கும். இதை அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் பிரிவில் அறியாதவரும் இல்லை.

2011ஆம் ஆண்டில் சிட்னியிலிருந்து மயூரி வந்தாள். அந்நகரின் ஸ்ட்ராத்ஃபீல்டில் வளர்ந்த, யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளை. தீவு அணில்களின் உறவுமுறையை டி.என்.ஏ. வழியாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். மூலமாதிரியின் கால்விரலிலிருந்து கடுகளவு தோல் வெட்டித் தருமாறு கேட்டிருந்தாள். அதுவரை எவருக்கும் மறுத்துவந்த வசுந்தரா அவளுக்கு இணங்கினார். ஒதுக்கீட்டு முடிவுக்குமுன் டி.என்.ஏ. சான்றும் சேர்ந்தால் கோரிக்கை வலுப்படும் என்று அவர் கருதியிருக்கலாம்.

பேழையைத் திறந்து தோலை மேசையில் வைத்தேன்.

"அங்கிள், இது ராமர் தடவின அணில்தானே? மூண்டு கோடு இருக்கு."

"ராமற்றை அணிலுக்குக் கோடு வெள்ளை, பிள்ளை. இதுக்குக் கறுப்பு."

"அன்னிக்கு ராமர் கை கழுவல போலிருக்கு" என்றார் வசுந்தரா, மோதிரத்தைக் கழற்றியபடி. மூவரும் சிரித்தோம். அந்த அறையில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுவே கடைசி.

மூலமாதிரியில் கத்தி வைக்குமுன் எக்ஸ்ரே எடுப்பது எங்கள் பிரிவின் வழக்கம். உள்ளே கம்பிகள் எப்படி ஓடுகின்றன என்று தெரியாமல் வெட்டினால் காய்ந்த தோல் பிளந்துவிடும். வேறு காரணம் எதுவும் இல்லை. படம் திரையில் எழுந்தது. எக்ஸ்ரேயில் பஞ்சு தெரியாது. கம்பிகள் மட்டும் வெண்கோடுகளாய் வெறுமையில் மிதக்கும். கால்களில் நான்கு கோடுகள், உரிய இடங்களில். வாலின் கம்பி உடலின் நடுவிலிருந்து நுனிவரை ஒரே கோடாக ஓட வேண்டும். அது அடிமுதுகருகில் நின்றது. அங்கே மற்றொரு கம்பி தொடங்கியது. இரண்டும் ஒன்றையொன்று கொடிபோல் சுற்றியிருந்தன. அந்தச் சுற்றின் ஓரத்தில் அரிசிமணிகள் போல் சில வெண்புள்ளிகள் வரிசையாய்த் தெரிந்தன. அவை எலும்புகள். செம்பிழம்பு நுனியோடு நீண்டிருந்த அந்த அழகிய வாலின் அடியில், தோலுக்குள்ளே, அறுந்துபோன வேறொரு வாலின் அடிக்கட்டை இருந்தது.

"வாட் இஸ் தட்?" என்றாள் மயூரி.

வசுந்தரா திரையருகே குனிந்தார்.

"சிவபாதம் சார், கம்பி முறிஞ்சிருக்கா?"

"இல்லை, டொக்டர். முறியேல்லை. முறுக்கிக் கட்டியிருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முறிஞ்ச கம்பி ஒண்டை ஒண்டு சுத்திக்கொண்டு நிக்காது."

மயூரியின் முன்னிலையில் அவர் என்னைச் 'சிவபாதம் சார்' என்றழைத்ததை நான் பிறகுதான் உணர்ந்தேன். அவர் கோப்பையிலிருந்து மோதிரங்களை எடுத்து அணிந்தார். அணிலை அவர் அன்று தொடவே இல்லை. அணிந்ததைப் பார்த்தார், கழற்றினார், மீண்டும் அணிந்தார். பிறகு, "திறந்து பார்த்துடலாம்" என்றார்.

காய்ந்த தோலை உடனே திறக்க முடியாது. ஈரப்பெட்டியில் வைத்து, மயிர் உதிராத அளவுக்கு, நாட்கணக்கில் மெல்ல இளக வைக்க வேண்டும். மயூரி சிட்னிக்குத் திரும்பாமல் மெல்பேணின் புறநகரான கிரெய்கிபர்னில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டாள். தோல் இளகிய காலையில், உருப்பெருக்கியின் கீழ் வாலடியின் மயிரை ஊசியால் வகிர்ந்தேன். தையல் இருந்தது. அதைக் கண்டபோது நான் திடுக்கிட்டதற்கு இரண்டு காரணங்கள். தையல் இருந்தது என்பது ஒன்று. அதன் நேர்த்தி மற்றொன்று. தோலின் நிறத்துக்கு ஒத்த பட்டு நூல். முடிச்சு ஒன்றுகூட வெளியே இல்லை. ஒவ்வொரு தையலையும் இட்டபின் அதன்மேல் மயிரை ஊசிமுனையால் இழுத்து மூடியிருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் நான் அந்தத் தோலைப் பலமுறை எடுத்திருக்கிறேன்; பூச்சி பார்த்திருக்கிறேன்; தூசி தட்டியிருக்கிறேன். வசுந்தராவோ அதை மயிர்மயிராக விவரித்து எழுதியவர். உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்து பார்த்தவர்கள் உண்டு. அதைத் தைத்த கை எங்கள் எல்லோர் கண்ணையும் கடந்து சென்றிருந்தது. அதற்குரியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது; அவரை ஏசவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் எவரையும் ஏமாற்ற நினைத்திருக்கமாட்டார். அறுந்த வாலோடு அனுப்ப மனமின்றி முழுமை செய்திருப்பார்.

நூல்களை ஒவ்வொன்றாக அறுத்தேன். கடைசி நூல் அறுந்ததும் வால் என் உள்ளங்கையில் தனியே வந்து கிடந்தது. அதற்கு எடையே இல்லை.

"என் பேப்பர்ல இந்த வாலைப் பத்தித்தான் சார் பாதிக்கு மேல" என்றார் வசுந்தரா. பிறகு, யாருக்கென்று இல்லாமல், "நான் தொட்டுப் பார்த்தேனே" என்றார்.

"அப்ப காடு?" என்று கேட்டாள் மயூரி.

விரலிலிருந்து ஒரு துணுக்கும் வாலிலிருந்து ஒரு துணுக்கும் தனித்தனிக் குப்பிகளில் சிட்னிக்குப் போயின. முடிவு வரும்வரை வசுந்தரா வழக்கம்போல் வந்தார், வேலை செய்தார், அணிலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. எங்கள் கேள்விக்கு இரண்டு விடைகளே இருக்க முடியும் என்று நான் நினைத்திருந்தேன். உடல் புதிய இனமாக இருந்தால் பெயர் பிழைக்கும். இரண்டும் ஏற்கெனவே அறியப்பட்ட அணில்களாக இருந்தால் எல்லாம் முடிந்தது. மூன்றாவதாக ஒரு விடை இருக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மயூரி தொலைபேசியில் அழைத்தபோது வசுந்தரா அதை ஒலிபெருக்கியில் இட்டார்.

"டொக்டர், உடம்பு வந்து சும்மா கொமன் ஸ்பீஷீஸ். சுமாத்திராவில எல்லா இடமும் ஓடித்திரியிறது. நூறு வீதம் மேட்ச்."

"வால்?"

"அதுதான்... வாலுக்கு ஒண்டும் மேட்ச் ஆகேல்லை."

"சாம்பிள் கெட்டுப்போச்சா?"

"இல்லை, நல்ல சாம்பிள். மூண்டு தரம் ரன் பண்ணிட்டன். நில அணில் குடும்பம்தான். ஆனா எங்கடை லிஸ்டில இருக்கிற ஒரு அணிலும் இல்லை. டொக்டர், இட்ஸ் நத்திங் வீ நோ. ஒருத்தருக்கும் தெரியாத மிருகத்தின்ரை வால்."

இத்தனை காலமும் எங்கள் பேழைக்குள் உண்மையாகவே ஓர் அரிய விலங்கு இருந்திருக்கிறது. ஆனால் அதில் வால் மட்டுமே இருந்தது, மீதியெல்லாம் வேறொன்று.

இங்கே பெயரிடும் விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூலமாதிரி இரு விலங்குகளின் சேர்க்கை என்று தெரியவந்தால், பெயர் எந்தப் பகுதிக்கு உரியது என்று தெரிந்தெடுத்து மற்றதை விலக்கிவிடலாம். உடலைத் தெரிந்தெடுத்தால் அப்பெயர் சாதாரண அணிலின் பெயரோடு கலந்து மறையும். வாலைத் தெரிந்தெடுத்தால் பெயர் வாழும். அதன் நிழலில் காடும் வாழும். விதி இரண்டுக்கும் இடம் தருகிறது. தெரிவு வசுந்தராவின் கையில் இருந்தது. இடர் ஒன்றே ஒன்று. இடத்தின் பெயர் எழுதிய சீட்டுக் காலில் கட்டப்பட்டிருந்தது. உடல் அந்தத் தீவைச் சேர்ந்தது என்பதற்குச் சான்று உண்டு. வால் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

எனக்கோ ஐயமே இருக்கவில்லை. மறுநாளே அவரிடம் வாதிட்டேன்.

"டொக்டர், காட்டுக்குள்ளை தோல் உரிக்கிறவன் சட்டைப் பையிக்கை வால் வைச்சுக்கொண்டு திரியமாட்டான். அண்டைக்குப் பிடிபட்டதிலை ஒண்டு பழுதாய்ப் போயிருக்கும். அதின்ரை வாலை எடுத்துத்தான் இதிலை தைச்சிருக்கிறான். ரெண்டும் ஒரே காட்டிலை ஓடினதுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் எண்டாலும் அப்பிடித்தான் செய்வன்."

"நீங்க வாலே தைக்க மாட்டீங்களே, சார்."

அவர் தொடர்ந்தார்: "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். இருக்கணும்னு ஆசையா இருக்கு. அந்தக் காடு எனக்கு வேணும், சார். அதனாலதான் இந்த வாலை நம்பறதுக்குப் பயமா இருக்கு."

"அப்ப உடம்பைத் தெரிவுசெய்யப் போறியளோ?"

"அதுக்கும் மனசு வரல." அவர் சிரிக்க முயன்றார். "மயூரி போய்ப் பார்க்கட்டும். இந்த வாலோட ஒண்ணாவது அங்க ஓடுதான்னு பார்க்கட்டும். ஒண்ணு போதும்."

மயூரி அடுத்த ஆண்டு கோடையில் புறப்பட்டாள். கூட்டுப் பொறிகளை நானே தெரிந்தெடுத்துக் கொடுத்தேன். நிலத்தோடு ஒட்டி, விழுந்த மரத்தின் ஓரமாக வைக்க வேண்டும் என்றும், பிடிபட்டால் வாலைத் தொடவே கூடாதென்றும் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அங்கிள், ஐ கெட் இட். வாலிலை பிடிக்கமாட்டன். போட்டு வாறன்" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவள் போன பிறகு வசுந்தரா ஒவ்வொரு காலையும் வந்தவுடன் தொலைபேசியைப் பார்ப்பார். பிறகுதான் மேலங்கியைக் கழற்றுவார்.

அழைப்பு ஒரு நண்பகலில் வந்தது. நான் பொசம் என்னும் மரவாழ் விலங்கொன்றின் தோலுக்கு வெண்காரம் இட்டுக்கொண்டிருந்தேன். அவள் கரையோரக் கடை ஒன்றின் வாசலில் நின்று பேசினாள். பின்னணியில் கோழிகளின் சத்தம் கேட்டது.

"டொக்டர், நான் வந்திட்டன். காடு இல்லை."

"வேற எடத்துல எறங்கிட்டியாம்மா?"

"இல்லை டொக்டர். ஜி.பி.எஸ்.ஸிலை செக் பண்ணினனான். இதுதான் இடம். படகிலை வரேக்கை காடு தெரிஞ்சுது. கரையிலை நிண்டு பாத்தாலும் காடுதான். உள்ளுக்கை போனா ஒரு கிரிக்கெட் கிரவுண்ட் அகலத்துக்கு மரம். அவ்வளவுதான். அதுக்குப் பின்னாலை முழுக்க பாம் ஒயில் மரம். லைன் லைனா. மலை வரைக்கும்."

"தடை இருக்கே" என்றார் வசுந்தரா. "வெட்டக் கூடாதுன்னு தடை இருக்கே."

"நேத்து வெட்டினது இல்லை, டொக்டர். பாம் மரமெல்லாம் என்னை விட உயரம். காய்ச்சுக் கிடக்கு. அடிக்கட்டையெல்லாம் உக்கிப்போச்சு. இங்கத்தை ஆக்களைக் கேட்டன். கனகாலம் எண்டு சொல்லினம். நான் ஸ்கூல் போகேக்கையே வெட்டி முடிச்சிட்டினம் போலை."

"சேட்டிலைட் படத்துல பச்சையா இருந்துதே."

"பாம் மரமும் பச்சைதானே, டொக்டர்."

அவள் மேலும் சொன்னாள்: "ஐ'ம் ஸோ சொறி. பொறி வைக்கக்கூட ஒரு விழுந்த மரம் இல்லை."

"நீ எதுக்கும்மா சாரி சொல்றே? பத்திரமாத் திரும்பி வா" என்று சொல்லி வசுந்தரா தொலைபேசியை வைத்தார்.

அந்த நண்பகலை எப்படி எழுதுவதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. தடை பெற்றதாக அவர் மகிழ்ந்த நாளில் அங்கே மரங்கள் விழுந்துகொண்டிருந்திருக்கலாம். அதற்கு முன்பே விழுந்தும் முடிந்திருக்கலாம். ஒதுக்கீட்டுக்காக அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் இல்லாத காட்டைப் பற்றியது. வாலா, உடலா என்று நானும் அவரும் மாதக்கணக்கில் வருந்தியதும் அதற்காகவே. என் கைகளில் வெண்காரம் அப்படியே உலர்ந்துகொண்டிருந்தது. மேசைமேல் இருந்த தோல் விறைக்கத் தொடங்கிவிட்டது. அதைக் கவனிக்க வேண்டும் என்று அறிவு சொல்லியும் கை எழவில்லை. வசுந்தரா தொலைபேசியின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். முகத்தில் துயரத்தைத் தேடினேன். அது அங்கே இல்லை. தெருவில் தன் வீடு இருந்த இடத்தில் வேறொரு வீட்டைக் கண்டவர் நிற்பதுபோல் நின்றார்.

பிறகு கையை எடுத்தார்.

"பேர் வாலுக்குத்தான், சார்."

நான் அவரைப் பார்த்தேன்.

"இப்பக் காப்பாத்த எதுவும் இல்ல. அதனால எனக்குப் பொய் சொல்றதுக்குக் காரணமும் இல்ல. உடம்பை நான் வித்தியாசம்னு சொல்லவே இல்ல. நான் பார்த்தது, எழுதினது, பேர் வச்சது எல்லாம் இந்த வாலுக்கு. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாதுன்னு எழுதிடறேன். அவ்வளவுதான் உண்மை."

அவ்வாறே எழுதினார். கட்டுரை வெளிவந்தது. பெயருக்கு உடலில்லாத விலங்கு என்று துறையினர் சிலர் நகைத்தார்கள். சிலர் அவருடைய நேர்மையைப் பாராட்டினார்கள். இரண்டு வகையினருக்கும் அவர் நன்றி சொன்னதை மேல்தளத்தில் கண்டேன்.

2013இல், என் பணிக்காலத்தின் கடைசி வாரத்தில், அந்த வாலை முறைப்படி அமைத்து வைக்கும் வேலை எனக்கு வந்தது. அறுந்த வால்கட்டையோடு உடலைச் சாதாரண நில அணில்களின் இழுப்பறையில், தன்னினத்தோடு கிடத்தினேன். வாலுக்குப் புதிய கம்பி செலுத்தி, பழைய பஞ்சையே சுற்றினேன். சிவப்புச் சீட்டைக் கட்டக் கால் இல்லாததால் கம்பியின் அடியில் கட்டினேன். பேழைக்குள் வெண்மெத்தை விரித்து, வால் அசையாதிருக்க அதன் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தபோது வசுந்தரா வந்து பக்கத்தில் நின்றார். கத்தியைப் பிடித்திருந்த என் மணிக்கட்டை மெல்லத் தொட்டு நிறுத்தினார்.

"முழு உடம்புக்கும் இடம் விட்டு வெட்டுங்க, சார்."

"உடம்பு இல்லையே, டொக்டர்."

"ஆமா. இல்ல. இடம் இருக்கட்டும்."

வேறு மெத்தை எடுத்து விரித்தேன். வாலுக்குரிய பள்ளத்தைக் குறித்தேன். அதற்குமேல் கோடு எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. "எவ்வளவு நீளம் விடட்டும்?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு கைகளையும் மெத்தைக்கு மேலே உயர்த்தி, இடையில் ஓர் அளவு காட்ட முயன்றார். கைகள் சற்று விலகின, குறுகின, மறுபடியும் விலகின. நான் அளவுகோலைப் பிடித்தபடி, அவை ஓரிடத்தில் நிற்கும் என்று காத்து நின்றேன்.